ஓர்வியேட்டோவில் புறாக்கறி

ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் போகிறவர்களில் பலர் வழியில் ஓர்வியேட்டோ என்ற மலையூரில் இறங்கி, பேராலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். வழிகாட்டியின் கையில் கொடி, கண் கடிகாரத்தில். அந்தப் பணம் தண்டம் என்பது இரண்டாம் தடவை தனியாகப் போனபோதுதான் உறைத்தது.

பேராலயத்தைக் குறை சொல்லவில்லை. 1290இல் தொடங்கிய கட்டடம். கறுப்பும் வெள்ளையுமாகக் கல்லை வரிவரியாக அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே லூக்கா சிக்னொரெல்லி வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியங்களைக் கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். ஆனால் இந்த ஊர் எப்படிப் பிழைத்தது என்று தெரிய வேண்டுமானால் தரைக்கு அடியில் போக வேண்டும்.

எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை மேல் ஊர் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் செங்குத்து. எதிரி ஏறி வர முடியாது, சரி. கீழேயே முற்றுகை போட்டுவிட்டால் தண்ணீருக்கு எங்கே போவது? 1527இல் ரோம் சூறையாடப்பட்டு இங்கே தப்பி வந்த போப் ஏழாம் கிளமென்ட்டுக்கு இதே கவலை. அவர் வெட்டச் சொன்னதுதான் புனித பேட்ரிக் கிணறு. ஆழம் 50 மீட்டருக்கும் மேல். ஒன்றோடொன்று சேராத இரண்டு சுழல் பாதைகள் இருப்பதால், இறங்குகிற கழுதையும் சுமையோடு ஏறுகிற கழுதையும் முட்டிக்கொள்ளாது. 248 படிகள் இறங்கினேன். ஏறும்போது கழுதைகள் மேல் தனி மரியாதை வந்தது. பாவம், கிணறு முடியும் முன்பே போப் இறந்துவிட்டார்.

தண்ணீர் ஆயிற்று, சாப்பாடு? பாறைக்குள் குடைந்த குகைகள் 1,200 வரை இருக்கின்றன. சிலவற்றின் சுவர் முழுக்க விளக்கு மாடம் போலச் சின்னச் சின்னக் குழிகள். எல்லாம் புறாவுக்கு! பகலில் பறந்துபோய் இரை தின்றுவிட்டுத் தானே வீடு திரும்பும் கறி. தீனிச் செலவு கிடையாது. மாடப்புறா என்று நாம் சும்மா சொல்லவில்லை.

புறாக்கறி இன்றும் அந்த ஊர் உணவகங்களில் கிடைக்கிறது. குகையைப் பார்த்த கையோடு சாப்பிட்டேன். கருஞ்சிவப்பான, ஈரல் வாசம் அடிக்கும் கறி, எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கு அதைவிட உம்பிரிகெல்லி பிடித்தது. மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து கையால் திரித்த, இடியாப்பத்தைப் பல மடங்கு தடித்தாற்போன்ற பாஸ்தா. முட்டை சேராது, சைவக்காரர்கள் குறித்துக்கொள்ளவும்.

ரொட்டியில் உப்பு இல்லை. போப்பின் உப்பு வரியை எதிர்த்து விட்ட பழக்கம் என்று, ஓர்வியேட்டோ இருக்கும் உம்பிரியா மாநிலத்தில் கதை சொல்வார்கள். அந்த வரிக்காக 1540இல் பக்கத்து பெருஜியாக்காரர்கள் கலகமே செய்தார்கள். கதை எப்படியோ, வெறும் ரொட்டி சப்பென்றுதான் இருந்தது. உப்பிட்டுப் பதப்படுத்திய கறியைச் சேர்த்துக் கடித்ததும்தான் கணக்குப் புரிந்தது. அந்த ரொட்டிக்கும் மேஜைக்குமாக பில்லில் ஒரு தொகை சேரும், சண்டைக்குப் போகாதீர்கள்.

ரோமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம்தான். நிலையத்துக்கு எதிரிலேயே மலையேற்றும் கேபிள் ரயில் நிற்கும். சாயங்காலம் சுற்றுலாப் பேருந்துகள் போன பிறகு உள்ளூர்க் கிழவர்கள் நாற்காலியைத் தெருவுக்கு இழுத்துப் போடுவார்கள். அதுவரைக்குமாவது இருங்கள்.