60-ல் ஒன்று

மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பில் காட்டிய அந்த ஸ்லைடை நானும் பார்த்தேன். நீரிழிவுக்கு 60 ஸ்லைடு, அதில் குழந்தைகளுக்கு ஒன்றே ஒன்று. "டைப் 1: சிறுவயதில் வரும். இன்சுலின் தேவை." பாடம் முடிந்தது. கீழே கைதட்டல் வேறு.

அந்த ஸ்லைடில் இல்லாதது இதுதான். படுக்கையை நனைப்பதை நிறுத்தி இரண்டு வருடமான பிள்ளை மறுபடி நனைக்கிறது. நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது. பிறகு வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு. வாந்திக்கு ஓர் ஊசி, மூச்சுக்கு நெபுலைசர், வயிற்றுக்கு சர்ஜன் என்று ஆளாளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப்பில் வேண்டாத சத்தம் எதுவும் இல்லாமல் ஆழமாக மூச்சு வாங்கும் பிள்ளைக்குக் கோளாறு நெஞ்சில் இல்லை, ரத்தத்தில் ஏறிய அமிலத்தில். வாந்தியெடுத்து உலர்ந்துபோன பிள்ளைக்குச் சிறுநீர் குறைய வேண்டும். இங்கே கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த முரண் மாணவனுக்கு உறுத்த வேண்டும்.

உறுத்தினால் விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம். அப்போதே. அறிகுறிகளோடு சர்க்கரை 200-ஐத் தொட்டால் நீரிழிவுதான். "நாளைக்கு வெறும் வயிற்றில் வாங்க" என்று அனுப்பினால், அந்த ஒரு ராத்திரியிலேயே பிள்ளை கீட்டோஅசிடோசிஸில் (இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) போய் விழலாம். குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்ப்பதும் வேண்டாம். ஒரு சொட்டு போதும்.

"எல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே" என்பீர்கள். பெரியவர்களின் நீரிழிவும் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதற்கு மட்டும் எதற்கு அத்தனை ஸ்லைடு? "அரிதான நோய்" என்பவர்களுக்கு: டைப் 2-வோடு ஒப்பிட்டால் அரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். "நேரமில்லை" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட லியோனார்ட் தாம்ப்சனுக்கு வயது 13 அல்லது 14தான். மருந்து முதலில் போனது ஒரு சிறுவனுக்கு. உங்கள் வகுப்பில் அவன் கடைசி.

கீட்டோஅசிடோசிஸுக்கான சிகிச்சை இன்னும் மோசம். பெரியவர்களுக்குப் படித்ததை அப்படியே சுருக்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். செய்ய வேண்டியது இது: முதலில் நார்மல் சலைன் (உப்புநீர் டிரிப்), கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. மிச்ச நீர்க்குறையை ஈடுகட்டுவதை 24 முதல் 48 மணி நேரத்துக்குப் பரப்ப வேண்டும். இன்சுலின், சலைன் தொடங்கி ஒரு மணி நேரமாவது கழித்துத்தான்: மணிக்குக் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 யூனிட், தொடர் இன்ஃபியூஷனாக. மொத்தமாக ஒரே ஊசியில் ஏற்றும் போலஸ் கிடையாது. பொட்டாசியம் ரிப்போர்ட்டில் நார்மலாக இருக்கும், உடம்பில் வறண்டிருக்கும். இன்சுலின் ஏற ஏற ரிப்போர்ட்டிலும் சரியும். அதனால் சிறுநீர் போவதைப் பார்த்துக்கொண்டு டிரிப்பில் லிட்டருக்கு 40 மில்லிமோல் பொட்டாசியம் சேர்க்க வேண்டும். சர்க்கரை 300-க்குக் கீழே வந்ததும் இன்சுலினை நிறுத்துகிறவர்கள்தான் என் தலைவலி. அணைக்க வேண்டியது அமிலமாக ஏறும் கீட்டோனை ஐயா. டிரிப்பில் டெக்ஸ்ட்ரோஸை, அதாவது சர்க்கரையை, சேர்த்துக்கொண்டு இன்சுலினை ஓட விடுங்கள். தலைவலி, மந்தமாகும் நாடி, குழம்பும் பேச்சு என்றால் மூளை வீங்குகிறது, வீக்கத்தை வடிக்கும் மானிட்டால் கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம், ஸ்கேனுக்குக் காத்திருக்காமல்.

இவ்வளவும் தாண்டிப் பிழைத்த பிள்ளையின் அம்மாவிடம் "இனிப்பு நிறையக் கொடுத்தீங்களா?" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அதுவும் இந்த வகுப்பிலிருந்து வந்ததுதான். டைப் 1-க்கும் மிட்டாய்க்கும் சம்பந்தமில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறது. அந்த அம்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள், கையில் இன்சுலின் குப்பியோடு.

அந்தக் குப்பியில் மி.லி.க்கு 40 யூனிட்டா, 100 யூனிட்டா? 100 யூனிட் குப்பிக்கு, 40 யூனிட் குப்பிக்கென்று கோடு போட்ட சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், 10 என்ற கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 25 யூனிட். இரவில் பிள்ளைக்குச் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரலாம். பரீட்சையில் டோஸ் கணக்கை அழகாகப் போடுகிற மாணவனிடம் இரண்டு சிரிஞ்சையும் கொடுத்துப் பாருங்கள், முழிப்பான். கையில் பிடித்துப் பார்த்தால்தானே?

60-வது ஸ்லைடில் ரோஜாப்பூ போட்டு "நன்றி" என்றிருந்தது. அங்கே அந்த இரண்டு சிரிஞ்சையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கலாம்.