99.9% அப்டைம் கேரண்டியாம்

ஹோஸ்டிங் (நம்ம சைட்ட வெச்சு ஓட்டுற சர்வர் இடம்) விக்கிறவன் எல்லாரும் முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல 99.9% அப்டைம் கேரண்டின்னு, அதாவது 99.9% நேரம் சைட்டு ஓடும்னு போட்டுருக்கான், நம்ம ஆளுங்களும் அத பாத்துட்டு இனி சைட்டு விழவே விழாதுன்னு நம்பி வருஷக் காச மொத்தமா கட்டிடுறாங்க. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் சைட்டு செஞ்சு குடுக்குறதுதான் என் பொழப்பு, அதனால கொஞ்சம் காட்டமாவே சொல்லுறேன். அந்த கேரண்டி சைட்டு விழாதுங்குறதுக்கு இல்ல மக்கா, விழுந்தா எவ்வளவு கழிச்சு தருவோம்ங்குறதுக்கு.

கணக்கு போட்டு பாருங்க. 30 நாள் மாசத்துல 43 நிமிஷம் சைட்டு படுத்து கிடந்தாலும் 99.9% கேரண்டிய மீறுனதா ஆகாது. வருஷத்துக்குன்னா எட்டே முக்கா மணி நேரம். அது ராத்திரி 3 மணிக்கு போனா எவனுக்கும் தெரியாது. ஆனா கார்த்திகை மார்கழில ஐயப்ப சாமிமாரு சபரிமல முடிச்சு வண்டி வண்டியா கன்னியாகுமரிக்கு வந்து, சாயங்காலம் ஃபோன்ல ரூம் தேடுற நேரமா பாத்து போச்சுன்னா அன்னைக்கு புக்கிங் பூரா பக்கத்து லாட்ஜுக்கு. சதவீதத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இதவிட கூத்து, எத டவுன்னு எடுத்துக்குறாங்கங்குறது. வேர்ட்பிரஸ்ங்குற சாஃப்ட்வேர்ல செஞ்ச சைட்ட திறந்தா வெள்ளைப் பக்கத்துல 'எரர் எஸ்டாபிளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்'னு ஒத்த வரி நிக்கும் (டேட்டாபேஸோட இணைப்பு கிடைக்கலன்னு அர்த்தம்), சப்போர்ட்ல கேட்டா சர்வர் அப்லதான் சார் இருக்கு, பிங் போகுதே, கூப்பிட்டா சர்வர் பதில் குடுக்குதேங்குறான். கஸ்டமருக்கு பிங்கா வேணும்? முன்கூட்டியே சொன்ன மெயின்டனன்ஸ் கணக்குல வராது, இயற்கைச் சீற்றம் வராது, சைட்டுல நீங்க கூடுதலா சேத்த பிளக்இன் மக்கர் பண்ணா வராது, பல சைட்டு ஒரே சர்வர பங்கு போடுற ஷேர்ட் பிளான்ல லிமிட்ட தாண்டிட்டீங்கன்னு அவனே நிறுத்தி வெச்சா அதுவும் வராது.

எல்லாம் தாண்டி கிடைக்குறது என்ன? மாசம் 200 ரூவா பிளான்ல 10% கிரெடிட்னா 20 ரூவா. அதுவும் கையில காசா வராது, அடுத்த பில்லுலதான் கழிப்பான், நாமளே கெடுவுக்குள்ள டிக்கெட் போட்டு கேக்கணும் வேற. ஒரு சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் வாங்க பத்தாது.

பெரிய கம்பெனின்னா விழாதுன்னு இல்ல. 2017 பிப்ரவரி 28, அமேசான்ல ஒருத்தர் கமாண்ட தப்பா அடிச்சதுல எஸ்3ங்குற அவங்க ஃபைல் சேமிப்பு சேவை மணிக்கணக்கா படுத்துடுச்சு, எது ஓடுது எது ஓடலன்னு காட்டுற அவங்க ஸ்டேட்டஸ் பேஜே அதத்தான் நம்பி இருந்ததால கொஞ்ச நேரம் எல்லாம் நல்லா இருக்குன்னே காட்டிட்டு இருந்துச்சு! 2021 மார்ச்ல பிரான்ஸ்ல ஓவிஎச்ங்குற ஹோஸ்டிங் கம்பெனியோட டேட்டா சென்டர் தீப்பிடிச்சப்ப பேக்கப்ப (டேட்டாவோட நகல) வேற இடத்துல வைக்காதவங்க பாடு திண்டாட்டம். எந்த சதவீதமும் போன டேட்டாவ திருப்பித் தராதுல்லா.

இன்னொண்ணு, 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சப்ப இங்க போஸ்ட் எல்லாம் சாஞ்சு நாள்கணக்கா கரண்ட் இல்ல. மும்பைல இருக்குற சர்வருக்கு அதெல்லாம் 100% அப்டைம்தான். இப்பவும் பாதி பேரு வீட்டு பிராட்பேண்ட் போனதுக்கு ஹோஸ்டிங்காரன திட்டுறாங்க, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால ஒருக்கா திறந்து பாத்துட்டு திட்டுங்க.

அதனால என்கிட்ட எந்த ஹோஸ்டிங் நல்லதுன்னு கேக்குறவங்களுக்கு சொல்லுறது, 99க்கு அப்புறம் எத்தன 9 போட்டுருக்கான்னு எண்ணாதீங்க. தினம் பேக்கப் எடுக்கானா, அத நாமளே இறக்கி வைக்க முடியுமா, ராத்திரி சாட்ல மனுஷன் வருவானா இல்ல தானா பதில் சொல்லுற போட் வருமா, இத கேளுங்க. அப்டைம அவன் டாஷ்போர்ட நம்பாம சைட்டு ஓடுதான்னு வெளிய இருந்து கவனிக்குற ஒரு இலவச மானிட்டர் சேவை வெச்சு பாருங்க.

நம்ம மாவட்டத்துல யாராவது அந்த கிரெடிட்ட நெசமாவே கேட்டு வாங்கிருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, எவ்வளவு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்.