ஒரு பாட்டில் எனக்கு வேண்டியது ஓர் இடம்

"என்ன மாதிரிப் பாட்டெல்லாம் கேட்பீங்க?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. கர்நாடகம், மெல்லிசை, ஜாஸ், ராப் என்று ஏதாவது ஒரு வகையைச் சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் எனக்குப் பிடித்த பாட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வகை என்று எதுவுமே ஒத்துவராது. பொதுவாக இருப்பது ஒன்றுதான். ஒவ்வொன்றிலும் ஓர் இடம் இருக்கும். அந்த இடம் வருவதற்காகத்தான் மீதிப் பாட்டையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெரும்பாலும் அது பாட்டின் உச்சமாக இருக்காது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடமாக இருக்கும். வாத்தியங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஏறிவந்து சட்டென்று நிற்கும். தாளம் மட்டும் நம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பல்லவி இதோ விழப்போகிறது என்று உடம்பு தயாராகிவிடும். பாடகர் அப்போது பாட மாட்டார். அரை அட்சரம், அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கையில் பாதி, தள்ளித்தான் எடுப்பார். அந்த அரை அட்சரத்துக்குள் என்னமோ நடக்கிறது. எனக்குப் பிடித்த பாட்டு என்றால், அந்த அரை அட்சரம் சரியாக அமைந்த பாட்டு என்று அர்த்தம்.

மிருதங்கத்தில் தீர்மானம் வைப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களின் கோவையை, மூன்று முறை வாசித்து, தாளச் சுற்று தொடங்கும் சமத்திலோ பாட்டு தொடங்கும் எடுப்பிலோ கொண்டுவந்து இறக்குவார்கள். முதல் முறை கேட்கும்போது அது என்னவென்றே பிடிபடாது. இரண்டாம் முறை, ஓ, அதேதானா என்று காது பிடித்துக்கொள்ளும். மூன்றாம் முறை வாசிப்பவரோடு சேர்ந்து நாமும் உள்ளுக்குள் வாசித்துக்கொண்டிருப்போம். கடைசி அடி விழும்போது கை தானாகத் தொடையில் விழும். கணக்கு தெரியாதவர்களுக்கும் விழும். ஒரு நிமிடத்துக்குள் நமக்கு எதிர்பார்க்கக் கற்றுக்கொடுத்து, உடனே அந்த எதிர்பார்ப்பைத் தீர்த்தும் வைத்துவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர்களைக் கும்பிடத்தான் வேண்டும்.

எதிர்பார்ப்பைத் தள்ளிப்போடுவதில்தான் இசையின் உணர்ச்சி இருக்கிறது என்று இசையியலாளர் லியோனார்ட் மேயர் 1956-லேயே எழுதிவிட்டார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 2011-ல், மாண்ட்ரியாலில் உள்ள மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புல்லரிக்கும் அளவுக்குப் பிடித்த இசையைக் கேட்பவர்களின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். அந்த இடம் வரும்போது, மகிழ்ச்சியோடு தொடர்புடைய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரக்கிறது. அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். எனக்குச் சுவாரசியமாகப்பட்டது வேறு. அந்த இடம் வருவதற்கு முன்பே, காத்திருக்கும்போதே, மூளையின் வேறொரு பகுதியில் டோபமைன் சுரக்க ஆரம்பித்துவிடுகிறது. வரப்போகிறது என்பதற்கே தனிக் கூலி!

சரி, இருநூறாவது தடவை கேட்கும்போதும் அதே இடத்தில் ஏன் சிலிர்க்கிறது? அங்கே என்ன வரப்போகிறது என்று அட்சரம் அட்சரமாகத் தெரியுமே! இதற்கு ஜம்ஷெட் பரூச்சா என்ற இசை உளவியலாளர் சொன்ன விளக்கம் எனக்கு ஒத்துவருகிறது. நம்மிடம் இரண்டு வகை எதிர்பார்ப்புகள் இருக்கின்றன. இந்தப் பாட்டில் அடுத்து என்ன வரும் என்ற ஞாபகம் ஒன்று. பொதுவாக இசையில் அடுத்து என்ன வரும் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுப் படிந்த பழக்கம் இன்னொன்று. இந்தப் பழக்கம் பாடம் கற்றுக்கொள்ளவே கொள்ளாது. பல்லவி இப்போது விழ வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்க்கும், ஒவ்வொரு முறையும் ஏமாறும். ஞாபகம் பக்கத்தில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்கும்.

எனக்குச் சிலிர்க்கிற இடத்தில் உங்களுக்கு ஏன் ஒன்றுமே ஆவதில்லை என்பதற்கும் பாதிப் பதில் இதில் இருக்கிறது. நீங்கள் கேட்டு வளர்ந்தது வேறு. உங்கள் காது எதிர்பார்ப்பதும் வேறு. 2001-ல் ஆன் பிளட், ராபர்ட் சடோரே என்ற மூளை ஆய்வாளர்கள் இருவரும் இசைக்கலைஞர்கள் பத்துப் பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தனக்குச் சிலிர்ப்பு வரவைக்கும் இசையைக் கொண்டுவர வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, எந்த உணர்ச்சியும் எழுப்பாத இசையும் வேண்டுமே, அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? இன்னொருவர் கொண்டுவந்ததைப் போட்டுக் காட்டினார்கள். ஒருவரைச் சிலிர்க்க வைத்தது அடுத்தவருக்கு வெறும் சத்தம் அளவில்தான் போய்ச் சேர்ந்தது. 'நல்ல இசை எல்லோரையும் தொடும்' என்று மேடையில் பேசுபவர்களுக்கு இதை எழுதி அனுப்பலாம்.

'இனிமை என்பது இயற்கை' என்ற வாதமும் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம், நம் காதுக்கு இனிக்கிற சுரச் சேர்க்கைகளையும் உறுத்துகிற சேர்க்கைகளையும் போட்டுக் காட்டினார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். 2016-ல் வெளியான ஆய்வு இது. இன்னொரு பக்கம், இசை எதுவுமே பிடிக்காதவர்களும் உண்டு. காதில் குறையில்லை, மற்ற சந்தோஷங்களிலும் குறையில்லை, இசை மட்டும் ஒன்றும் செய்யாது. அவர்களை ரசனை கெட்டவர்கள் என்று திட்டுவதை நான் விட்டு ரொம்ப நாளாகிறது.

திரும்பத் திரும்பக் கேட்டால் எதுவும் பிடித்துப்போகும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது; அடிக்கடி கண்ணில் படுவதே ஒன்றைப் பிடிக்கவைக்கும் என்று 1968-ல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் காட்டினார். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. என் அனுபவத்தில், முதல் தடவையிலேயே முழுதாகப் பிடித்துவிட்ட பாட்டு ஒரு மாதம் தாங்குவதில்லை. முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்து, 'இது என்ன, இப்படிப் போகிறது' என்று நெற்றியைச் சுருக்கவைத்த பாட்டுதான் பல வருடம் கூட வருகிறது.

குரலுக்கு வருகிறேன். ஹெட்போனில் கேட்கும்போது பாடகர் அடுத்த வரிக்கு முன் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும் அல்லவா? அது எனக்கு ரொம்ப முக்கியம். மூச்சு இழுக்கிற நீளத்தை வைத்தே வரப்போகும் வரி நீளமா, மேல் ஸ்தாயிக்குப் போகிறதா என்று காதுக்குத் தெரிந்துவிடும். அதுவும் ஒரு முன்னறிவிப்புதான். நிறையப் பதிவுகளில் இப்போது இந்த மூச்சைச் சுத்தமாக வெட்டிவிடுகிறார்கள். சுருதியைச் சரிசெய்யும் மென்பொருளோடும் எனக்கு இதே சண்டைதான். 1997-ல் ஆட்டோ-ட்யூன் வந்தது. அளவோடு போட்டால் யாருக்கும் தெரியாது. அழுத்திப் போட்டால், கீழிருந்து வழுக்கி ஏறிச் சுரத்தைத் தொடுகிற அந்தச் சின்னப் பயணம் காணாமல் போய்விடும். குரல் நேராகச் சுரத்தின்மேல் குதித்து நிற்கும். எங்கேயும் பிசிறு இருக்காது. நான் காத்திருப்பதற்கும் அங்கே ஒன்றும் இருக்காது. வேண்டுமென்றே இயந்திரக் குரலாக்கிப் பாடுபவர்களைச் சொல்லவில்லை, அது தனி அழகு.

பாடல் வரிகள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அவை கடைசியில்தான். வரி நன்றாக இருந்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

சொல்ல வந்த முக்கியமான கோபம் ஒன்று பாக்கி இருக்கிறது. குறும்வீடியோக்களில் எல்லாப் பாட்டிலிருந்தும் அந்த 'இடத்தை' மட்டும் கச்சிதமாக வெட்டி எடுத்துப் போடுகிறார்கள். வெட்டுபவர்களின் காது கூர்மையானது, அதை மறுக்க மாட்டேன். நான் சொல்கிற அதே இடத்தில்தான் கத்தரி வைக்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய மூன்று நிமிடத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இடையிசை ஏறுவது இல்லை, நிற்பது இல்லை, நேராகப் பல்லவி. அந்தப் பதினைந்து நொடியை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, 'இதில் அப்படி என்ன இருக்கு?' என்று கேட்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இணைப்பை மட்டும் அனுப்புகிறேன், முதலிலிருந்து கேளுங்கள், நடுவில் தள்ளிவிடாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்து. பாதிப் பேர் தள்ளிவிட்டுத்தான் கேட்கிறார்கள், அது பதிலிலேயே தெரிந்துவிடும். மீதிப் பேர் பதிலுக்கு அவர்களுடைய பாட்டு ஒன்றை அனுப்புகிறார்கள், எத்தனையாவது நிமிடம் என்ற குறிப்போடு.