தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

வேலை நேரம் போக என்ன செய்வாய் என்று கேட்பவர்களிடம் "வரைபடம் வரைகிறேன்" என்று சொல்வது வழக்கம். அதற்குமேல் விளக்க நேரம் கிடைப்பதில்லை. இன்று விரிவாகவே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நான் சொல்வது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். விக்கிப்பீடியாவைப் போல யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கி வைத்தார். அந்த நாட்டில் அரசு அளந்து வைத்திருந்த நிலத் தரவைக் காசு கொடுத்து, நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க முடியும் என்ற நிலை. அதனால் ஆர்வலர்கள் ஜிபிஎஸ் கருவியோடு நடந்தும் சைக்கிளில் போயும் தெருத் தெருவாகப் பதிவு செய்தார்கள். அப்படி ஆரம்பித்தது இன்று எல்லா நாடுகளிலும் இருக்கிறது.

எனக்குச் சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வேலை. பேக்எண்ட் டெவலப்பர். காலையில் ஸ்டேண்ட்அப், பிறகு மீட்டிங், மாலையில் வெளிநாட்டு நேரத்துக்கு இன்னொரு மீட்டிங், ஆன்-கால் வாரம் வந்தால் நடுராத்திரியிலும் போன் அடிக்கும். எனக்குப் பிடித்த வேலை இது, குறை சொல்ல வரவில்லை. ஆனால் நான் எழுதும் நிரல் எங்கே ஓடுகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்பதை என் கண்ணால் பார்க்க வழியில்லை. வரைபடத்தில் அப்படிப் பார்க்க முடிகிறது. இரவு ஒரு தெருவுக்குப் பெயர் சேர்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் அது வரைபடத்தில் தெரிகிறது. மறுநாள் அதே தெரு வழியாகத்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறேன். இந்த நிறைவுக்காகவே முதலில் இதில் இறங்கினேன்.

உள்ளே போனதும் இன்னொரு சந்தோஷம், தரவின் வடிவம். இந்த உலக வரைபடம் முழுவதும் மூன்றே மூன்று விஷயங்களால் ஆனது: புள்ளி, புள்ளிகளைக் கோத்த கோடு, இவற்றைச் சேர்த்துக் கட்டும் உறவு. ஒவ்வொன்றின் மீதும் அது என்ன என்று சொல்லும் குறிச்சொற்கள். கிணறு, பள்ளிக்கூடம், மாவட்ட எல்லை, 570-ஆம் எண் பஸ் போகும் வழி, எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். இவ்வளவு எளிய அமைப்பு இவ்வளவு பெரிய உலகைத் தாங்குகிறது என்பதை டேட்டாபேஸ் டிசைனோடு மல்லுக்கட்டுகிற யாரும் ரசிப்பார்கள். ஆயத்தொலைவுகள் ஏழு தசம இடங்கள் வரை சேமிக்கப்படுகின்றன. கணக்குப்படி அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் துல்லியம். நம் கையிலிருக்கும் போனின் ஜிபிஎஸ் சில மீட்டர்கள் தள்ளித்தான் காட்டும், உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். ஆகவே கருவியை மட்டும் நம்பி எதையும் வரைய முடியாது. இடம் தெரிந்த ஆள் வேண்டும்.

இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு ஆற்றையோ கால்வாயையோ வரையும்போது ஒரு விதி உண்டு. தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் கோட்டை இழுக்க வேண்டும். கோட்டின் முதல் புள்ளி மேட்டில், கடைசிப் புள்ளி பள்ளத்தில். இந்த ஒரு விதியால் வெறும் நீலக்கோடு ஒரு வலைப்பின்னலாக மாறிவிடுகிறது. கல்லூரியில் படித்த கிராஃப் தியரியை எடுத்து அதன்மேல் ஓட்டலாம்: இந்த ஏரி நிரம்பினால் அடுத்து எந்த ஏரிக்குப் போகும், இந்த இடத்தில் அடைத்தால் எத்தனை தெருவில் தண்ணீர் நிற்கும் என்று கேள்வி கேட்கலாம். ஆனால் திசையைச் செயற்கைக்கோள் படம் சொல்லாது. தண்ணீர் ஓடும்போது பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என் ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாய்க்குப் பக்கத்தில் படத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன, இரண்டும் கருவேல மரங்கள் மூடியவை. பொங்கலுக்குப் போனபோது பெரியப்பாவிடம் லேப்டாப்பைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தா, இது வரத்துக்கால். மேல இருக்க கண்மாயில இருந்து வருது. அந்தப் பக்கம் இருக்கது வரத்து இல்ல ஆத்தா, மறுகால். கலுங்கு தாண்டுன தண்ணி அது வழியாத்தான் கீழக் கண்மாய்க்குப் போவும்."

"இப்பவும் போகுதா பெரியப்பா?"

"மழை பேஞ்சா போவும். நடுவுல ரோடு போட்டுட்டாய்ங்க. கொழா வச்சிருக்காய்ங்க, அது பத்தாது."

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை எங்கே, கண்மாய் நிரம்பினால் உபரி நீர் வழியும் கலுங்கு எங்கே, எந்த மடைத் தண்ணீர் யார் வயலுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்கு அவர் சொன்னது முழுவதும் இப்போது வரைபடத்தில் இருக்கிறது, தமிழ்ப் பெயர்களோடு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் குளங்களும் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும்படி சங்கிலித் தொடராகக் கட்டியவை பல. அந்தத் தொடர் எப்படிப் போகிறது என்பது ஒவ்வொரு ஊரிலும் சில வயதானவர்களின் மனதில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதில் எனக்கு உண்மையான பதற்றம் இருக்கிறது.

கிராமத்துக்குப் போக வேண்டும் என்றுகூட இல்லை. சென்னையில் நாம் தினமும் கடக்கும் இடத்தைப் பாருங்கள். மேடவாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து வெளியேற முக்கிய வழி ஒக்கியம் மடுவு. துரைப்பாக்கம் அருகே ஓ.எம்.ஆரைக் குறுக்கே கடந்து பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. அந்தப் பாலத்தின்மேல் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான மென்பொருள் ஊழியர்கள் கேபிலும் பஸ்ஸிலும் போகிறார்கள். கீழே என்ன ஓடுகிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'கூவம்' என்பார்கள், இல்லையென்றால் 'ஏதோ கால்வாய்' என்பார்கள். பள்ளிக்கரணைக்கு 2022-இல் ராம்சர் தகுதி, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மக்களைப் படகில் மீட்டார்கள். தண்ணீர் அதன் வழியைத் தேடித்தான் வந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவின் மேல் தன்னார்வலர்கள் ஒரு பக்கத்தை உருவாக்கினார்கள். வெள்ளம் நிற்கும் தெருவைச் சொடுக்கினால் அது நிறம் மாறும். எந்த வழியாகப் போகலாம், எங்கே உதவி போக வேண்டும் என்று பார்ப்பதற்கு அது பயன்பட்டது. அவ்வளவு சீக்கிரம் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், தெருக்களை யாரோ முன்பே வரைந்து வைத்திருந்தார்கள், அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 2010-இல் ஹைத்தி நிலநடுக்கத்தின்போதும் இப்படித்தான். உலகம் முழுவதிலும் இருந்து வீட்டில் உட்கார்ந்தபடியே ஆட்கள் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரின் தெருக்களைச் செயற்கைக்கோள் படம் பார்த்து வரைந்தார்கள், மீட்புக் குழுக்கள் அதை வைத்துக்கொண்டு வேலை செய்தன.

"கூகுள் மேப்ல எல்லாம் இருக்கே?" என்பது நான் அதிகம் சந்திக்கும் கேள்வி. நானும் டிராஃபிக் பார்க்க அதைத்தான் பயன்படுத்துகிறேன், நல்ல கருவி. ஆனால் அதில் பார்க்கத்தான் முடியும். பள்ளிக்கரணைக்கு வரும் எல்லாக் கால்வாய்களையும் ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு போய் நம் சொந்தக் கணக்கைப் போட அது தராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓவர்பாஸ் டர்போ என்ற பக்கத்தில் நாலு வரி எழுதினால் வந்துவிடும். கல்லூரி மாணவர் எடுக்கலாம், ஊராட்சித் தலைவர் எடுக்கலாம், நிறுவனமும் எடுக்கலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், தரவை மேம்படுத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அதோடு, கடைகளும் சாலைகளும் வணிகத்துக்குத் தேவை என்பதால் எப்படியும் வரைபடத்தில் ஏறிவிடும். பெரிய நிறுவனங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சாலைகளை வரைகின்றன, அதனால் நமக்கும் லாபம்தான். ஆனால் கலுங்கை வரைய யாரும் ஆள் வைக்கப் போவதில்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

நாம் என்று நான் சொல்வது குறிப்பாக ஐ.டி. வேலை பார்ப்பவர்களை. நம்மிடம் லேப்டாப் இருக்கிறது, நல்ல இன்டர்நெட் இருக்கிறது, தரவை ஒழுங்குபடுத்துவது நம் பிழைப்பே. நம்மில் பலர் ஏரியும் கண்மாயும் உள்ள ஊர்களிலிருந்து வந்து, ஏரியும் சதுப்பும் உள்ள இடத்தில் குடியேறியவர்கள். நிறுவனங்களில் வருடத்துக்கு ஒரு நாள் சமூகப் பணி என்று பஸ் ஏற்றி அழைத்துப் போய் மரக்கன்று நடுகிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. அந்த ஒரு நாளில் நாற்பது பேர் உட்கார்ந்தால் ஒரு தாலுகாவின் நீர்நிலைகளில் கணிசமானதை வரைந்துவிடலாம் என்று எச்.ஆர். கூட்டத்தில் நானே எழுந்து சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். கேரளத்தில் மாநில அரசின் ஐ.டி. மிஷனே 'மேப்பத்தான்' (பலர் கூடி வரைபடம் வரையும் நிகழ்வு) நடத்தி மக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைய வைத்தது. இங்கேயும் அப்படி நடந்தால் முதல் ஆளாக நிற்பேன்.

ஒரு பயத்தையும் பேசிவிடுகிறேன். "கால்வாயை வரைந்தால் அதன்மேல் வீடு கட்டியிருக்கிற ஏழைகளைக் காலி செய்யத்தானே பயன்படும்?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சட்ட ஆவணம் இல்லை. நிலம் யாருக்கு, புறம்போக்கு எது என்பதெல்லாம் பட்டாவிலும் அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் இருக்கிறது. அரசிடம் அவை ஏற்கெனவே உள்ளன. இதில் தரையில் இன்று என்ன இருக்கிறதோ அதை மட்டுமே வரைகிறோம். வீடு இருந்தால் வீடு, கால்வாய் இருந்தால் கால்வாய். தகவல் அதிகாரிகளிடம் மட்டும் இருந்து மக்களிடம் இல்லாதபோதுதான் ஏழைக்கு ஒரு நியாயமும் பெரிய கட்டடத்துக்கு ஒரு நியாயமும் நடக்கிறது. நீர்வழியில் நிற்பது குடிசையா, அடுக்குமாடியா என்று எல்லாரும் பார்க்க முடிந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வரைபட வேலைக்கும் இந்தப் பகுதிக்கும் பழைய உறவு உண்டு என்று தெரிந்தபோது சிலிர்த்துப் போனேன். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை 1802 ஏப்ரல் 10 அன்று தொடங்கியது பரங்கிமலைப் பக்கத்தில். வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து, அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை சுமார் ஏழரை மைல் தூரத்தை வாரக்கணக்கில் அளந்தார். அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்துத்தான் முக்கோணம் முக்கோணமாக இமயமலை வரை போனார்கள். அது கம்பெனி ஆட்சிக்காக அளந்த அளவை. சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் வரைபடம் தயாரிக்க அனுமதி, கட்டுப்பாடு என்று பல இருந்தன. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டு, இந்தியர்கள் வரைபடத் தரவு உருவாக்க முன்அனுமதி வேண்டியதில்லை என்று அறிவித்தது. அதே பெரும்பாக்கத்தில் இன்று யார் வேண்டுமானாலும் போனை எடுத்துக்கொண்டு போய் அளக்கலாம்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கணக்குத் தொடங்க மின்னஞ்சல் போதும். முதலில் உங்கள் தெருவைப் பாருங்கள், பெயர் தப்பாக இருந்தால் திருத்துங்கள். தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். நடந்துகொண்டே செய்ய ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி: இந்தத் தெருவில் விளக்கு இருக்கிறதா, சாலை தாரா, மண்ணா என்று கேட்கும், பதில் சொன்னால் போதும். என் மகள் டியூஷன் போகும் வழியில் அதைத்தான் செய்கிறாள். கூகுளைப் பார்த்து நகலெடுக்கவே கூடாது, உரிமம் அனுமதிக்காது. பிங் போன்ற அனுமதி உள்ள செயற்கைக்கோள் படங்கள் எடிட்டரிலேயே வரும், ஆனால் அவை பழையதாக இருக்கலாம், ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலையால் மாறிய வழிகள் அதில் தெரியாமல் போகலாம். நீர்வழி வரைபவர்கள் ஊர்க்காரர் யாரையாவது கேட்காமல் திசை போடாதீர்கள். வட மாவட்டங்களில் மதகு, கலங்கல் என்பார்கள், எங்கள் பக்கம் மடை, கலுங்கு. அந்தந்த ஊர் எப்படிச் சொல்கிறதோ அப்படியே பெயரில் எழுதுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் சித்தாலப்பாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வரை உள்ள கால்வாய்களை நடந்தே பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஒரு பகுதியை முடிக்கலாம். அந்தப் பக்கம் பல வருடமாக இருப்பவர்கள், 'முன்னால் இங்கே ஒரு ஓடை இருந்தது' என்று கை காட்டக்கூடிய பெரியவர்களைத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், முதலில் அவர்களைத்தான் பார்க்க வேண்டும். கூட நடக்க வருகிறவர்கள் பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், சேறாக இருக்கும்.