அரை கிலோ ரிவால்வரைச் சுட்டுப் பார்த்தேன்

பெண்களுக்கு இலேசான துப்பாக்கிதான் தோது என்று சொல்கிறவர்கள், ஒரு பெண்ணின் கையில் அதைக் கொடுத்து ஆறு தோட்டா சுடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் சுட்டுப் பார்த்தேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்களுக்கு ஆற்காட்டில் அரிசி ஆலை. அறுவடை நேரத்தில் பணத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நெல் வாங்கப் போக வேண்டியிருந்ததால் அப்பா லைசென்ஸ் எடுத்து .32 அளவுத் தோட்டா போடுகிற ஒரு ரிவால்வர் வாங்கினார். கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்தது. அவருக்கு எழுபது வயது கடந்த பிறகு, 2016 ஆயுத விதிகளில் அதற்கு இடம் இருப்பதால், என் பெயருக்கு மாற்றினோம். பெயர் மாறினால் போதாது, சுடத் தெரிய வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படித்தான் வேலூர் பக்கம் துப்பாக்கி சுடப் பழகுகிற ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்தேன். நாலு வருடம் ஆகிறது.

எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், கம்மவான்பேட்டைக்காரர். வேலூர் மாவட்டத்தில் அந்த ஊரைத் தெரியாதவர்கள் குறைவு. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். அதிகம் பேச மாட்டார். "மணிக்கட்டு கெட்டியாம்மா?" என்று கேட்டால் ஏதோ தப்பு செய்கிறோம் என்று அர்த்தம்.

அன்று ரேஞ்சுக்கு வந்திருந்த தோழி ஒருத்தி, ஆம்பூரில் தோல் தொழில் செய்யும் குடும்பம், தன்னுடைய ரிவால்வரைக் கொண்டுவந்திருந்தாள். நிர்பீக் என்று பெயர். 2014 ஜனவரியில் கான்பூரிலிருந்து வெளிவந்தது. டெல்லியில் 2012-இல் அந்த மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்காகவே செய்தது என்று சொல்லி விற்றார்கள். டைட்டானியம் கலவை, எடை 500 கிராம், கைப்பையில் அடங்கும், விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். நகைப்பெட்டி மாதிரி அரக்கு நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். "அக்கா, ஒருமுறை சுட்டுப் பாருங்க, எனக்கு மட்டும்தான் இப்படி ஆகுதான்னு தெரியணும்" என்றாள். அவளும் சுபேதார் சாரும் பக்கத்தில் நிற்க, சுட்டேன்.

முதலில் என்னுடையதை எடுத்தேன். அது சுமார் 700 கிராம். பத்து மீட்டரில் ஆறு தோட்டாவும் உள்ளங்கை அளவு இடத்துக்குள் விழுந்தன. அப்புறம் அவளுடையது. கையில் வாங்கியதும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது. என்னுடையதைப் போலவே மேல்பக்கம் கொக்கியைத் தள்ளி மடக்கித் திறக்கிற அமைப்பு, அதே .32 தோட்டா. ஒன்றுமே பிடிக்காதது போல் கை இலகுவாக நின்றது.

முதல் தோட்டா நல்ல இடத்தில்தான் போனது. இரண்டாவது கீழே இடதுபக்கம். மூன்றாவது இன்னும் கீழே. ஆறும் முடிந்தபோது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. .32 ஒன்றும் பயங்கரமாக உதைக்கிற தோட்டா இல்லை. ஆனாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதை ஆறாவது தோட்டாவில் எரிய ஆரம்பித்துவிட்டது.

காரணம் பள்ளிக்கூடத்துப் பாடம்தான். குண்டு முன்னால் போகிற அளவுக்குத் துப்பாக்கி பின்னால் வர வேண்டும். தோட்டா ஒன்றே என்றால், எடை குறையக் குறையத் துப்பாக்கி பின்னால் வருகிற வேகம் கூடும். 700 கிராமிலிருந்து 500 கிராமுக்கு வந்தால் கை வாங்குகிற உதையின் ஆற்றல் ஏறக்குறைய நாற்பது சதவீதம் அதிகம். அந்த இருநூறு கிராம் இரும்பு சும்மா இருந்ததில்லை, எனக்குப் பதிலாக உதையை வாங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் என் குறியைக் கெடுத்தது உதை மட்டும் இல்லை. இதை அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். ஹாமரை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற சுத்தியலை, கையால் பின்னால் இழுக்காமல், டிரிக்கரை மட்டும் அழுத்திச் சுடுகிறபோது விரல் கொடுக்க வேண்டிய அழுத்தம் இந்த மாதிரி ரிவால்வர்களில் நாலைந்து கிலோ கணக்கு வரும். துப்பாக்கியோ அரை கிலோ. அரை கிலோ பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன்மேல் நாலைந்து கிலோ அழுத்தம் கொடுக்க வேண்டும். எப்படி அசையாமல் இருக்கும்? அம்மியில் அரைத்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கல் கனமாக இருப்பதால்தான் நாம் தள்ளுகிற தள்ளுக்கு அது நகராமல் கிடக்கிறது.

அப்புறம் சுபேதார் சார் ஒரு வேலை செய்தார். தோட்டா போடுகிற உருளையான சிலிண்டரில் இரண்டு நல்ல தோட்டாக்களும் நான்கு காலி உறைகளும் கலந்து போட்டு, எது எங்கே என்று காட்டாமல் என் கையில் கொடுத்தார். காலி உறையில் ஹாமர் விழும்போது வெடிக்காது, உதைக்காது; துப்பாக்கி அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை. வெடிக்காத துப்பாக்கியின் முனை என் கையிலேயே கீழே சாய்ந்தது. உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே தயாராகி, டிரிக்கரைச் சுண்டி, மணிக்கட்டை இறக்கிவிடுகிறது. நாலு வருடமாகப் பழகிய எனக்கு, ஆறே தோட்டாவில் அந்தப் பயம் வந்து ஒட்டிக்கொண்டது. முதல்முறை துப்பாக்கி பிடிக்கிற ஒருத்திக்கு இதைக் கொடுத்தால் அந்தப் பயத்தை எடுக்க எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கதை நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1950களிலேயே அலுமினிய உடலோடு ஏர்வெயிட் ரிவால்வர்களைக் கொண்டுவந்தது. பிறகு, அலுமினியத்தோடு ஸ்கேண்டியம் என்ற உலோகம் சேர்ந்த கலவையில், சுமார் 340 கிராமுக்கு .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடுகிற ரிவால்வரே வந்துவிட்டது. அவ்வளவு இலேசானதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு தோட்டா வெடிக்கிற உதையில், சிலிண்டரில் மிச்சம் இருக்கிற தோட்டாக்களின் ஈயக்குண்டு உறையை விட்டு முன்னால் நழுவும். அது வெளியே நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுற்றாமல் நின்றுவிடும். உயிருக்காக வாங்கிய பொருள் அந்த நேரத்தில் பூட்டிக்கொள்ளும். நிர்பீக்கில் சுடுகிற .32-க்கு அந்த அளவு வேகம் இல்லை என்பதால் அதை அதன்மேல் சொல்ல மாட்டேன்.

இலேசான ரிவால்வரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க இடுப்பில் வைத்திருக்கிறவருக்கு இருநூறு கிராம் பெரிய வித்தியாசம். என்னுடையதை வைத்துக்கொண்டு ஆரணி போய் வந்தாலே சாயங்காலம் இடுப்பு சொல்லும். சுமக்கிற சுகத்துக்காகச் செய்த பொருள், சுடுகிற சுகத்துக்காகச் செய்தது இல்லை. அதைச் சொல்லி விற்றால் எனக்குக் கோபம் இல்லை. பெண்ணுக்குக் கை பலம் குறைவு, அதனால் இலேசானது என்று சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. கை பலம் குறைந்தவருக்குக் கொடுக்க வேண்டியது கனமான துப்பாக்கி. கணக்கு நேர் எதிராக இருக்கிறது.

கைப்பை விஷயமும் அப்படித்தான். சாவி, சில்லறை, சார்ஜர் ஒயர் எல்லாம் கிடக்கிற பைக்குள் டிரிக்கர் மூடாத துப்பாக்கியைப் போடுவது ஆபத்து. அதைத் துழாவி எடுக்க ஆகிற நேரத்தையும் நினைத்துப் பாருங்கள். தோழி அதற்காகவே தனியாக உறை தைத்து வைத்திருக்கிறாள், தோல் தொழில் வீடு என்பதால் அது அவளுக்குச் சுலபமாகிவிட்டது.

இன்னொன்று. ஆயுதச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது. இது சரியில்லை, வேறு வாங்கிப் பார்க்கலாம் என்று புடவைக்கடையில் போல மாற்றிக்கொண்டிருக்க இடமில்லை. அதனால் வாங்குவதற்கு முன்னால் எப்படியாவது ஒரு ரேஞ்சில், தெரிந்தவர்கள் முன்னிலையில், சுட்டுப் பாருங்கள். பெட்டியையும் விளம்பரத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிக் கொடுக்கிறார் என்றாலும் அவரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சுடச் சொல்லுங்கள்.

தோழிக்கு அது அவள் கணவர் வாங்கிக் கொடுத்ததுதான். மூன்று வருடத்தில் இருபது தோட்டா கூடச் சுட்டிருக்க மாட்டாள். ஒவ்வொரு முறையும் குறி தவறியபோது தன் கைதான் சரியில்லை என்று நினைத்திருக்கிறாள். என்னுடைய டார்கெட் காகிதங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப என் கை இல்லையாக்கா?" என்றாள்.

"உன் கை இல்லம்மா" என்று சுபேதார் சார்தான் பதில் சொன்னார்.

அடுத்த மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூட நிற்க என்னுடைய 700 கிராமில் பழகுவது, அதற்குப் பிறகு அவளுடையதைத் திரும்ப எடுப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். இந்த வாரம் மழை இல்லாவிட்டால் காலை ஏழு மணிக்கு.