அந்தப் பேருந்தில் போனவர்களுக்கும் சாமி உண்டு

எந்தப் பதிவு என்று உள்பெட்டியில் வந்து யாரும் கேட்க வேண்டாம். விபத்தில் சிக்கிய பேருந்தைத் தவறவிட்டுப் பிழைத்த ஒருவர் போட்டது, சில நாளாக எல்லார் டைம்லைனிலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. லிங்க் போட்டு இன்னும் நாலு பேரைப் படிக்கவைக்கும் உத்தேசம் எனக்கில்லை. நெற்றி நிறைய விபூதியோடு ஒரு செல்ஃபி. பக்கத்தில் நசுங்கிக் கிடக்கும் பேருந்தின் படம். அதற்குக் கீழே டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட், சீட் நம்பரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். என் அப்பன் என்னை ஏறவிடவில்லை, அவன் கணக்கு தப்புமா என்று தொடங்கி ஒரு முழம் நீளத்துக்கு எழுதியிருக்கிறார்.

அதில் நடுவே ஒரு வரி வருகிறது. இவர் நேரத்துக்குப் போய்ச் சேராததால் அந்த இருக்கையை வழியில் ஏறிய வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அந்த ஆள் இப்போது உயிரோடு இல்லை. இதையும் அவரேதான் எழுதியிருக்கிறார், தன் மேல் இறங்கிய அருளுக்கு அத்தாட்சியாக!

நான் கேட்டது ஒரே வரி. "சரிங்க, அந்த சீட்டில் உட்கார்ந்தவருக்கு அப்பன் இல்லையா?"

அவ்வளவுதான். அதற்கு வந்திருக்கும் பதில்களைப் பார்த்தால் நான் ஏதோ கோபுரத்தை இடிக்கக் கடப்பாரையோடு வந்தவள் மாதிரி இருக்கிறது. "நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு இப்படிப் பேச வெட்கமாக இல்லையா?" என்று கேட்கிறார் ஒருவர். இன்னொருவர் என் புரொஃபைல் படத்தை எடுத்துப் போட்டு "இதெல்லாம் வேஷம்" என்கிறார். அந்தப் படம் எங்கே எடுத்தது தெரியுமா? திருவாரூர் கமலாலயக் குளக்கரையில். எந்த ஊரில் பிறந்தேனோ அந்த ஊரில். எங்கள் ஊர்ச் சாமி தியாகராஜரைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் ஒரு பரீட்சைக்குக்கூடப் போனதில்லை. எனக்கு விபூதி பூசிவிட்டது என் அப்பா. இவர்கள் வந்து அழிக்கப் பார்க்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. அவனன்றி ஓர் அணுவும் அசையாது என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. செருப்பு அறுந்ததிலிருந்து கேஸ் சிலிண்டர் சரியான நேரத்துக்கு வந்தது வரை எல்லாவற்றிலும் அவன் கை இருப்பதாக நினைக்கிறவள்தான் நான். என் சண்டை நம்பிக்கையோடு இல்லை. அவன் செயல் என்ற பேச்சை எனக்கு வந்ததற்கு நான் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் வீட்டுச் சாவை ஓரமாக நிறுத்திவைத்து, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு சொல்லக்கூடாது. இது புரிவதற்குச் சித்தாந்தம் படிக்க வேண்டுமா?

"உயிர் பிழைத்தவன் கடவுளுக்கு நன்றி சொல்வது தப்பா?" என்று ஒரு தம்பி மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். தப்பே இல்லை. கோயிலுக்குப் போய்ச் சொல்லுங்கள். மொட்டை போடுங்கள், பால்குடம் எடுங்கள், அங்கப்பிரதட்சிணம் பண்ணுங்கள். வீட்டில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுங்கள். அதற்கு சீட் நம்பர் எதற்கு? சிவப்பு வட்டம் எதற்கு?

இந்த வட்டம் போடுகிற பழக்கம் இன்று வந்ததல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, உள்ளே பூசையில் இருந்தவர்கள் தப்பித்தார்கள், மாதா காப்பாற்றினாள் என்று அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நம்பிக்கை, சொல்லட்டும். ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்று நூற்றுக்கணக்கில் செத்துப்போனவர்களில் பெரும்பாலானவர்கள் யார்? அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள். பூசை முடிந்து வெளியே வந்தவர்கள், அடுத்த பூசைக்கு நேரம் இருக்கிறதே என்று பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டக் கூட்டிப் போனவர்கள் எல்லாம் அதில் உண்டு.

உடனே "ஆமாம், அவர்கள் அப்படித்தான்" என்று நம் ஆட்கள் தலையாட்ட வேண்டாம். திருச்செந்தூரில் முருகன் கடலைத் திருப்பி அனுப்பினான் என்று நாமும் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அதே கடற்கரையைப் பிடித்து இன்னும் தெற்கே போய்க் கன்னியாகுமரியைத் தாண்டினால் குளச்சல் இருக்கிறது, கொட்டில்பாடு இருக்கிறது. அங்கே குழிவெட்டி மொத்தமாகப் புதைத்தார்களே, அதைப் பற்றி அந்த மேடையில் யாராவது பேசி நான் கேட்டதில்லை. அதே வருஷம் ஜூலை 16 கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளிக்கூடத் தீயில் போனார்கள். திரும்பிய பக்கமெல்லாம் கோபுரம் தெரிகிற ஊர் அது. அன்றைக்குக் காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் படுத்திருந்த பிள்ளையும் ஏதாவது ஒரு தெருவில் இருந்திருக்கும். அந்தப் பிள்ளையின் அம்மா, பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று "எங்க சாமி எங்களைக் காப்பாத்துச்சு" என்று சொல்லியிருப்பாளா? சொல்லத்தான் வாய் வருமா? வாசலில் நின்று சொல்ல முடியாததை ஃபேஸ்புக்கில் மட்டும் எப்படிச் சொல்ல முடிகிறது?

என் தம்பி இறந்தது பழைய நண்பர்களுக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில், அலுவலக நண்பர்களோடு காரில் போனபோது, எதிரே வந்த லாரி. அந்தக் காரில் இன்னொரு பையனும் போக வேண்டியவன். கடைசி நிமிஷத்தில் ஏதோ வேலை வந்து நின்றுவிட்டான். அவன் உட்கார வேண்டிய இடத்தில்தான் என் தம்பி உட்கார்ந்திருந்தான். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பையனே வந்து சொன்னான். காரியம் எல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் சாயங்காலம் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தெரியாமல் திண்ணையிலேயே நின்றான். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்ததும், "நான் உக்கார வேண்டிய இடம்மா அது" என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அம்மா காபி கொடுத்தாள். அது ஆறிப்போய் ஆடை கட்டும் வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான்.

அவனும் சாமி கும்பிடுகிற பையன்தான். கழுத்தில் ருத்திராட்சம் கிடக்கும். "கடவுள் என்னைக் காப்பாத்திட்டார்" என்று எங்கள் வீட்டில் அவன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தம்பியின் திதிக்குத் தவறாமல் வருவான், இலை எடுப்பான், அம்மாவுக்கு மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டு போய் வாங்கி வருவான். ஒருநாள் அம்மாவே அவனிடம் சொன்னாள், "உன்னையாவது விட்டு வைச்சானே, போ." அம்மா சொல்லலாம். அந்தப் பேச்சைப் பேச உலகத்திலேயே உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். அவள் கொடுத்தால் அவன் வாங்கிக்கொள்ளலாம். இந்த வித்தியாசம் சிவப்பு வட்டம் போட்டவருக்கும் அவருக்குக் கைதட்டுகிற கூட்டத்துக்கும் எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

துக்க வீட்டுக்கு வந்து தத்துவம் பேசியவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நாள் ஒரு பெரியவர், எனக்குப் பெரியப்பா முறை, பந்தியில் பாயசத்தை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு, "நல்லவங்களை அவன் சீக்கிரமே கூப்பிட்டுக்குவான் தங்கச்சி" என்றார். அதுவரை யாரிடமும் வாய் திறக்காத அம்மா நிமிர்ந்து பார்த்து, "அப்ப நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்றாள். பந்தியே அமைதியாகிவிட்டது. எனக்கு மட்டும் அந்தப் பதினாறு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. இன்னொரு அத்தை போன ஜென்மத்துக் கணக்கு என்று ஆரம்பித்தார். அவரை நான் வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். பக்கத்து பாய் வீட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் லாரி வந்தபோது எங்கள் வீட்டுக் குடங்களையும் சேர்த்துப் பிடித்து வரிசையாக வைத்துவிட்டுப் போனார். சாமி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அந்தக் குடத்தின் பக்கம்தான் வந்திருப்பார் என்பது என் அபிப்பிராயம். இதற்கும் யாராவது சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள்.

ஒரு புண்ணியவான் என் பழைய பதிவைத் தோண்டி எடுத்துவந்து போட்டிருக்கிறார். அப்பாவுக்கு ஆபரேஷன் நேரத்தில் ரத்தம் கிடைக்காமல் அலைந்து, முன்பின் தெரியாத ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்து கொடுத்த கதை. "தியாகராஜர்தான் அனுப்பினார்" என்று நான் எழுதியிருந்தேன். "இப்ப என்ன சொல்றீங்க மேடம்?" என்கிறார். இப்போதும் அதையேதான் சொல்கிறேன், தியாகராஜர்தான் அனுப்பினார். அன்றைக்கு யாருடைய ரத்தத்தையும் பிடுங்கி என் அப்பாவுக்கு ஏற்றவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் பிழைக்கவில்லை, பார்த்தீர்களா என் சாமியை என்று நான் எழுதவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றினால் உங்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

சாமி இல்லை என்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. "வாங்க, இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க" என்று மாலையோடு காத்திருக்கிறீர்கள். எங்கேயும் வரவில்லை, இங்கேயேதான் இருக்கிறேன். "எல்லாம் அவன் செயல் என்றால் லாரியும் அவன் செயல்தானே?" என்று கேட்கிறீர்கள். ஆமாம், கேட்க வேண்டிய கேள்விதான். தம்பி போனதிலிருந்து நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், உங்களிடமில்லை, அவனிடம். பதில் வந்தால் சொல்கிறேன்.

அப்புறம் "அப்பர் கல்லோடு மிதந்தாரே, நம்பிக்கை இருந்தால் காப்பாற்றுவான்" என்று ஒரு நீண்ட கமெண்ட். அதில் ஒளிந்திருக்கும் விஷம் எழுதியவருக்கே தெரியவில்லை போல. செத்தவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்றா சொல்கிறீர்கள்? கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் என்று அப்பர் பாடியது, தன்னைக் கடலில் தள்ளியபோது தன் மேல் கட்டிய கல்லை வைத்து. முழுகிப்போனவன் வீட்டுக்குப் போய் "நீ ஏன் மிதக்கவில்லை?" என்று அவர் கேட்கவில்லை.

எனக்கு எப்போதும் சுந்தரர்தான். எங்கள் ஊரில் வாழ்ந்தவர் என்பதால் கொஞ்சம் பாசம் கூடுதல். பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதும் இரண்டு கண்ணும் போயிற்று. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கத்துக்கு வந்து, உள்ளே இருக்கிறீரா என்று கேட்டால், "உளோம் போகீர்" என்று பதில் வருகிறது. இருக்கிறோம், போ. கையில் ஓர் ஊன்றுகோல். அவ்வளவுதான் அருள்! (அந்தக் கோயில் இப்போது பூண்டியில் இருக்கிறது. நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. சென்னைக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று இருந்த வீட்டையே காலி செய்தவர் அந்தச் சாமி.) காஞ்சிபுரத்தில் ஒரு கண் வருகிறது. மிச்சம் ஒரு கண்ணோடு திருவாரூருக்கு வந்து நின்று கேட்கிறார்:

குற்றம் ஒன்றும் செய்ததில்லை கொத்தை ஆக்கினீர்
எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்

குற்றம் ஒன்றும் செய்யவில்லையாம்! சத்தியத்தை மீறியவர் சொல்கிறார். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதோடு விடவில்லை. உங்கள் அடியார்கள் உள்ளே கனன்று முகம் வாடி வந்து கஷ்டத்தைச் சொன்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பீர், நல்லா இருங்க சாமி என்று பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்து போதீரே" போட்டு முடிக்கிறார். இது ஏழாம் திருமுறையில் இருக்கிறது. ஓதுவார் பாடுகிறார், தீபாராதனை நடக்கிறது. சுந்தரரை யாரும் நாத்திகர் என்று திட்டவில்லை, புரொஃபைல் படத்தை எடுத்துப் போட்டு வேஷம் என்று சொல்லவில்லை. தம்பி போன வருஷம் முழுக்க அம்மா பூஜை அறையில் தினமும் விளக்கேற்றிவிட்டு, கும்பிடாமல், "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து வருவாள். விளக்கு ஒருநாளும் நின்றதில்லை. கேள்வியும் நின்றதில்லை. அம்மாவின் பக்தியை அளக்க இங்கே யாரிடமாவது படி இருக்கிறதா? இருந்தால் எடுத்து வாருங்கள், பார்க்கிறேன்.

அந்தப் பதிவை எழுதியவருக்கு: நமக்குப் பொது நண்பர்கள் ஏராளம், இது உங்கள் கண்ணில் படும் என்று தெரியும். நீங்கள் பிழைத்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். நல்லா இருங்கள் என்று இதை நேராகத்தான் சொல்கிறேன், சுந்தரர் சொன்ன மாதிரி இல்லை. ஆனால் அந்த சீட் நம்பர் படத்தை எடுத்துவிடுங்கள். அந்த நம்பரில் உட்கார்ந்தவர் வீட்டிலும் யாராவது போனில் ஃபேஸ்புக் பார்ப்பார்கள். என் தம்பி உட்கார்ந்த இடத்தைச் சுற்றி யாராவது இப்படி வட்டம் போட்டிருந்தால் அம்மா என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்துப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை.

இன்றைக்குப் பிரதோஷம். கோயிலுக்குக் கிளம்புகிறேன், விபூதி பூசிக்கொண்டுதான். கமெண்டுகளுக்கு ராத்திரி வந்து பதில் சொல்கிறேன். சண்டை போடுங்கள், பரவாயில்லை. செத்தவர்களின் கர்மக் கணக்கை எழுதிக்கொண்டு வருகிறவர்கள் மட்டும் சிரமப்பட வேண்டாம், படிக்காமலே அழித்துவிடுவேன்.