மாற்றல் உத்தரவு நீதி ஆகாது

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் நடந்த பிரிவு உபசார விழாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நேற்றுவரை பொறுத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை எங்கள் அன்பியத்தின் (பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக்குழுவின்) வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்தப் படங்களைப் போட்டு, "நம் பங்குத்தந்தையின் பணி புதிய பங்கிலும் சிறக்க ஜெபிப்போம்" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

எங்கள் பங்கின், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சமூகத்தின், குருவான பங்குத்தந்தைமீது, ஒரு பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகப் புகார். என்ன நடந்தது என்று இங்கே விவரிக்க மாட்டேன். பங்கு மக்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை யார் என்று ஊகிக்க இடம் தரும் எதையும் பின்னூட்டத்தில் யாரும் எழுத வேண்டாம், எழுதினால் நீக்கிவிடுவேன். பெற்றோர் ஆயர் (பிஷப்) இல்லத்துக்குப் புகார்க் கடிதம் கொடுத்தார்கள். பதிலாக வந்தது ஒரு மாற்றல் உத்தரவு. அந்த உத்தரவுக்குத்தான் பொன்னாடை, ஆளுயர மாலை, பாடகர் குழுவின் வாழ்த்துப் பாட்டு, பங்குப் பேரவை ஃபிரேம் போட்டுக் கொடுத்த பாராட்டு மடல் எல்லாம். அந்தத் தாய் அன்றும் திருப்பலிக்கு வந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கப் போகிறவர்கள்கூட அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள்.

மாற்றல் தண்டனை அல்ல, விசாரணையும் அல்ல. அரசு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாமீது இப்படிப் புகார் வந்தால் விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம் செய்கிறார்கள். நாமோ திருப்பலியில் உதவும் பீடச் சிறுவர்களும் மறைக்கல்விப் பிள்ளைகளும் இருக்கிற இன்னொரு பங்குக்கு, அங்குள்ள பெற்றோருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், மாலை போட்டு அனுப்பிவைத்திருக்கிறோம்.

"இதெல்லாம் நம் திருச்சபையின் எதிரிகள் கட்டிவிடுவது" என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பிய அண்ணனுக்குச் சொல்கிறேன். பாஸ்டனில் என்ன நடந்தது என்பது 2002-இல் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. புகார் வந்த குருக்களை அந்த உயர் மறைமாவட்டம் ஆண்டுக்கணக்கில் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தது. அது வெளியே வந்ததும் அதன் தலைவராக இருந்த கர்தினால் பெர்னார்டு லா அந்த ஆண்டு டிசம்பரில் பதவி விலகினார். 2004-இல் அவருக்கு ரோமாபுரியிலேயே, புனித மரியன்னை பெருங்கோவிலில், தலைமைக் குருவாகப் பொறுப்பு கொடுத்தார்கள். 2018-இல் பென்சில்வேனியா பெருநடுவர் மன்றத்தின் (கிராண்ட் ஜூரி) அறிக்கை வந்தது. 300-க்கு மேற்பட்ட குருக்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். பல இடங்களில் நடந்தது இதே கதைதான்: மாற்றல், மௌனம், மீண்டும் மாற்றல். இவற்றையெல்லாம் எந்த எதிரி கட்டிவிட்டான்?

அமெரிக்கா தூரம் என்றால் ஊட்டிக்கு வாருங்கள். அந்த மறைமாவட்டத்திலிருந்து மினசோட்டாவுக்குப் பணிக்குப் போன குரு ஒருவர், அங்கே வளரிளம் பெண் ஒருவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய வழக்கில் 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். நம் ஊருக்குத் திரும்பிவந்தார். 2016-இல் குருப்பணி செய்ய அவர்மீதிருந்த தடையை ஊட்டி ஆயர் நீக்கினார். ரோமைக் கலந்தே செய்தோம் என்று விளக்கமும் வந்தது. நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவருக்கே இந்தச் சலுகை கிடைத்தது என்றால், நம் பங்கில் ஒரு தாய் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

"குற்றம் நிரூபணமாகவில்லையே, தீர்ப்பிடாதீர்கள்" என்கிறீர்கள். நான் தீர்ப்பிடவில்லை. நிரூபிக்கவோ மறுக்கவோ யாருக்கும் வழி விடவில்லையே என்றுதான் கேட்கிறேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இலிருந்து இருக்கிறது. பிள்ளைக்கு எதிராக இப்படி ஒன்று நடந்ததாகத் தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. மறைத்தவர் நிறுவனத்தின் பொறுப்பாளராக இருந்தால் ஓராண்டுவரை சிறை. ஆயர் இல்லத்துக்கு விலக்கு எதுவும் அதில் எழுதப்படவில்லை. அவர் குற்றமற்றவர் என்றால் முறையான விசாரணைதான் அவர் பெயரையும் காப்பாற்றும். மாற்றல் அவரையும் காப்பாற்றவில்லை, அந்தப் பிள்ளையையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றப்பட்டது கோப்பு மட்டும்தான்.

"மற்ற மதங்களில் நடக்கவில்லையா?" நடக்கிறது. அங்கே இருப்பவர்கள் கேட்கட்டும். இது என் வீடு, நான் இங்கே கேட்கிறேன்.

"குருக்கள் கடவுளால் அபிஷேகம் பெற்றவர்கள், அவர்களைத் தொடாதீர்கள்" என்று விவிலியத்தைக் காட்டுகிறார்கள். சிறுவர்களுக்கு இடறலாக இருக்கிறவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்துவது நல்லது என்று சொன்னவர் இயேசு. அந்தப் பகுதியையும் ஒருநாள் மறையுரையில் விளக்குங்கள்.

என் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் ஓர் இந்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். முறைப்பாடு இல்லாத திருமணம் என்று அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. ஆனாலும் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. எல்லோரும் நன்மை வாங்க எழும்போது, அவர் மட்டும் கடைசித் தூணருகே முழந்தாளிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார். அவர் இறந்தபோது சாமியார் வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். உபதேசியார்தான் வந்து செபமாலை சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்க என் அப்பா, அந்த வயதில், சாமியார் அறை வாசலில் மதியம்வரை நின்றார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. விரும்பியவரோடு வாழ்ந்த பெண்ணுக்கு அத்தனை சட்டமும் இருந்தது. இப்போது அந்தச் சட்டமெல்லாம் எங்கே போயிற்று? அன்றைக்கு இரக்கம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. இன்று ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் போய், "மன்னிப்பதுதான் கிறிஸ்தவம்" என்கிறார்கள்.

ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் மக்கள் எளிதாக அணுகிப் புகார் கொடுக்க ஓர் அமைப்பு இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் சட்டமாகவே எழுதினார். எங்கள் கோயில் அறிவிப்புப் பலகையைப் போய்ப் பாருங்கள். தேர் காணிக்கை கொடுத்தவர்களின் பட்டியல் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய் கொடுத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயரும் இருக்கிறது. கெபி (சொரூபம் வைக்கும் சிறு குகைக்கோயில்) கட்ட நிதி கேட்கும் நோட்டீஸ் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் யாரை அழைப்பது என்று ஒரு தொலைபேசி எண் இல்லை.

"அப்படியானால் விசுவாசத்தை விட்டுவிட்டாயா?" என்று சித்தி அழுதுகொண்டே கேட்டார். இல்லை, சித்தி. இன்றும் படுக்கும்முன் செபமாலை சொல்கிறேன். மாதாவிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அந்தப் பீடத்தில் நிற்கிறவர் சொல்வதை நம்பி என் மகளை மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பும் மனம் எனக்கு இல்லை. அந்த நம்பிக்கையை நான் விட்டுவிடவில்லை, என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். எனக்குப் பெயர் வைத்த கோயில் அது. என் அம்மா பீடத்துணிக்குப் பூவேலை செய்த கோயில். அங்கே நுழையும்போது யார் யாருக்கெல்லாம் தெரியும், யார் யாரெல்லாம் மறைத்தார்கள் என்று முகங்களைப் பார்த்துக்கொண்டே போகவேண்டியிருக்கிறது. இதை எந்த மாற்றல் உத்தரவு சரிசெய்யும்?

வரும் ஞாயிறு பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு வருகிறேன். உறுப்பினர் இல்லை என்று சொல்லி வாசலில் நிறுத்தினால் வாசலிலேயே நிற்கிறேன். புகார் போலீசுக்குத் தெரிவிக்கப்பட்டதா, புதிய பங்கின் மக்களிடம் சொல்லப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை எங்கள் வீட்டிலிருந்து மாதச் சந்தாவோ தேர் காணிக்கையோ வராது. அந்தத் தாய் எந்தப் பெஞ்சில் உட்காருகிறாரோ, அதே பெஞ்சில் நானும் உட்காருவேன்.